அடுப்புச் சாம்பலும் அனல் நிலையச் சாம்பலும்

உழவின் வரலாற்றை எழுதப் புகுவோர் ஏரையும் எருதையும், வித்தையும் நீரையும் விரித்துரைப்பர்; எருவைப் பற்றிக் கூறுமிடத்துச் சாணத்தையும் தழையையும் சிறப்பித்துப் பேசுவர். சாம்பலுக்கு ஓரிரு வரிகளுக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. எனினும், காட்டை வெட்டி எரித்து, எரிந்த இடத்துச் சாம்பலிலே விதையூன்றி விளைவு காணும் வழக்கம் மிகத் தொன்மையானது. வடகிழக்கு மலைநாடுகளில் 'ஜூம்' என்றும், ஒடிசாவின் மலைப் பகுதிகளில் 'போடு' என்றும் வழங்கும் வேளாண்மை முறைகள் அத்தொன்மையின் தொடர்ச்சியே. நம் ஊர்ப்புறங்களிலும் அடுப்படிச் சாம்பல் வீணானதில்லை. பாத்திரம் துலக்கியது போக எஞ்சியது எருக்குழிக்குச் சென்றது. அவரைக் கொடியில் அசுவினி பற்றினால், காலைப் பனியின் ஈரம் உலருமுன் ஒரு பிடி சாம்பல் இலைமீது தூவப்பட்டது. இவற்றையெல்லாம் நம் பாட்டிமார் எந்த நூலையும் பார்த்துச் செய்யவில்லை.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது, அந்தச் சாம்பலின் பெயரைத் தாங்கி, அதன் நற்பெயரையும் பெற முயல்கின்ற வேறொரு சாம்பலைப் பற்றியது. கோர்பா, சிங்கரௌலி, சந்திரபூர், ராய்ச்சூர், துர்காப்பூர் முதலிய இடங்களில் பணியின் பொருட்டுக் குடியேறி வாழும் தமிழன்பர்கள் இதனை நன்கறிவர். கொடியில் உலரும் வேட்டியிலும் மாடியில் காயும் வற்றலிலும் வெண்சாம்பல் நிறத்தில் படிந்திருக்கும் நுண்துகளே அது. பொடியாக்கிய நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும்போது எஞ்சுகின்ற பொருள். இதனை வயலில் இடலாமா, இட்டால் நன்மையா தீமையா என்பது அவ்வட்டாரங்களின் உழவர்களைப் பல்லாண்டுகளாக எதிர்நோக்கி நிற்கும் கேள்வி. விடை காண்பதற்கு முன் சற்றே பழங்கதை பேசியாக வேண்டும்.

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்போர்க்குச் சொற்களின்மீது ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. ஆங்கிலத்தில் இப்பொருளைப் பறக்கும் சாம்பல் என்னும் பொருள்பட வழங்குகின்றனர். நாம் தமிழில் அதனை 'எரிசாம்பல்' என்றோ 'உலர் சாம்பல்' என்றோ 'பறக்கும் சாம்பல்' என்றோ எழுதுகிறோம். எப்படி எழுதினும் 'சாம்பல்' என்ற சொல் ஒட்டிக்கொண்டே வருகிறது. இதில் ஓர் இடர் இருக்கிறது. பயிருக்கு வேண்டிய பேரூட்டங்கள் மூன்றினையும் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்று நம் வேளாண்மைத் துறையினர் அழகாகப் பெயரிட்டு வழங்கி வருகின்றனர். பொட்டாஷ் என்பதே சாம்பல் சத்து. ஆகவே, 'அனல் நிலையச் சாம்பல் இலவசம்' என்று கேள்வியுறும் உழவர், உரக்கடையில் விலை கொடுத்து வாங்கும் சத்து ஒன்று வாசலில் வந்து இறங்குகிறது என்று எண்ணினால், குற்றம் அவருடையதன்று; சொல்லுடையது. இரண்டு பொருள்களுக்கும் எவ்வளவு தொலைவு என்பதை நாம் பிரித்துக் காட்டுவது கடமையாகும்.

விறகுச் சாம்பல் என்பது, மரம் மண்ணிலிருந்து வாங்கிய கடனின் மீதி. வேர் உறிஞ்சிய பொட்டாசியம், சுண்ணாம்பு, மக்னீசியம், சிறிது பாஸ்வரம் ஆகியவை எரியாமல் எஞ்சுகின்றன. அவற்றை வயலில் இடுவது கடனைத் திருப்பிக் கட்டுவதற்கு ஒப்பாகும். ஐரோப்பியர் விறகுச் சாம்பலைப் பானையிலே நீரூற்றிக் கரைத்து, வடித்துக் காய்ச்சிக் கிடைத்த உப்பைப் 'பானைச் சாம்பல்' என்னும் பொருள்பட 'பொட்டாஷ்' என்றனர். 1807ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கில விஞ்ஞானி அதிலிருந்து ஒரு புதிய உலோகத்தைப் பிரித்தெடுத்தபோது, அதற்குப் பொட்டாசியம் என்று பெயர் வைத்தார். ஆகவே, தமிழரின் 'சாம்பல் சத்து' என்ற பெயரும் மேனாட்டாரின் பெயரும் ஒரே அடுப்படியிலிருந்து புறப்பட்டவையே.

பழைய உரோமாபுரியில் பிளினி என்னும் பேரறிஞர், தம் காலத்து இத்தாலியில் போ ஆற்றுக்கு வடக்கே வாழ்ந்த உழவர்கள் கால்நடைச் சாணத்தைவிடச் சாம்பலையே பெரிதாக மதித்தனர் என்று எழுதி வைத்திருக்கிறார். அப்பெருமகனார் கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை பொங்கியபோது, அதனைக் காணவும் மக்களை மீட்கவும் கப்பலேறிச் சென்று அங்கேயே உயிர் நீத்தார். சாம்பலின் பயனை எழுதியவர் சாம்பல் மழையிலே மடிந்தார் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. அதே எரிமலை நாட்டில், பொற்சுவோலி என்னும் ஊரின் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து நீருக்குள்ளும் இறுகும் காரை செய்தனர் உரோமானியர். இந்த இறுகும் குணம் நம் கதையில் பின்னர் மீண்டும் வரும். நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக.

இனி, நிலக்கரிச் சாம்பலின் பிறப்பைக் காண்போம். நம் நாட்டு நிலக்கரியின் பெரும்பகுதி கோண்ட்வானா காலத்தது; ஏறத்தாழ 25 முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்ப் படிந்த தாவரப் பொருளிலிருந்து உருவானது. அத்தாவரங்கள் படிந்தபோது வெள்ளம் கொணர்ந்த வண்டலும் களியும் உடன் கலந்து படிந்தன. எனவே, நம் நிலக்கரியைக் கழுவினாலும் எளிதில் பிரியாத மண் அதனுள் நிறைந்துள்ளது. மேனாட்டு நிலக்கரியில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்கு சாம்பல் இருக்குமாயின், நம் அனல் நிலையங்களில் எரியும் கரியில் முப்பது, நாற்பது பங்கு இருக்கும். ஒரு டன் கரியை எரித்தால் 300 முதல் 400 கிலோ வரை சாம்பல் எஞ்சுகிறது. அச்சாம்பலில் பாதிக்கு மேல் சிலிக்கா, அதாவது மணலின் மூலப்பொருள், கால் பங்கு அளவில் அலுமினா, அதாவது களிமண்ணின் மூலப்பொருள், அடுத்து இரும்பு. சுண்ணாம்பும் பொட்டாஷும் சிறிதளவே. அந்தப் பொட்டாஷும் கண்ணாடித் துகளினுள் சிறைப்பட்டிருப்பதால் வேருக்கு எளிதில் எட்டுவதில்லை. தழைச்சத்தோ, எரியும்போதே புகையோடு போய்விடுகிறது. சுருங்கச் சொன்னால், விறகுச் சாம்பல் மரத்தின் மீதி. நிலக்கரிச் சாம்பல் சுட்ட மண்ணின் பொடி.

ஆயினும், சுட்ட மண்ணுக்கும் வயலில் வேலை உண்டு என்பதை முதலில் கண்டவர்கள் இலண்டன் நகரத்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நகரின் இலட்சக்கணக்கான கணப்புகள் நிலக்கரியையே தின்றன. வீடுதோறும் குவிந்த சாம்பலை அள்ளிச் செல்லும் உரிமை ஒப்பந்தக்காரர்களுக்கு அளிக்கப்பட்டது. அவர்கள் நகரின் ஓரங்களில் மலைபோல் குவித்து வைத்த களங்களில் பெண்களும் சிறுவரும் சல்லடையோடு நாள் முழுதும் உழைத்தனர். சலித்தெடுத்த கரித்துண்டுகள் செங்கற் சூளைக்கு எரிபொருளாயின. நுண்பொடி களிமண்ணோடு கலக்கப்பட்டுச் செங்கல்லாயிற்று. இலண்டனின் பழைய மஞ்சள் செங்கற்களுள் அந்தச் சாம்பல் இன்றும் இருக்கிறது. சார்லஸ் டிக்கன்ஸ் 1864-65இல் வெளியிட்ட புதினமொன்றில் பெருஞ்செல்வம் முழுதும் இத்தகைய குப்பைமேடுகளிலிருந்து வந்ததாகக் காட்டியது வெறுங்கற்பனையன்று.

செங்கல்லுக்குப் போக எஞ்சிய நுண்சாம்பலை நகர்ப்புறத்து உழவர்கள் வண்டிகளில் ஏற்றிச் சென்றனர். ஆர்தர் யங் முதலிய அக்கால வேளாண்மை எழுத்தாளர்கள் நிலக்கரிச் சாம்பலையும் எருவகைகளுள் ஒன்றாகச் சேர்த்தே எழுதினர். அது பயன்பட்டது பெரும்பாலும் இறுகிய களிமண் நிலத்தில். ஈரத்தில் பசையாகவும் வெயிலில் கல்லாகவும் மாறும் அந்நிலத்தைச் சாம்பல் பொலபொலப்பாக்கியது; கலப்பை எளிதில் இறங்கியது. ஊட்டம் தந்து விளைத்ததன்று, இடம் தந்து விளைத்தது எனலாம். ஆனால் அக்காலத்தார் இவ்வேற்றுமையை உணரவில்லை; விளைச்சல் கூடியது கண்டு அதனையும் எரு என்றே அழைத்தனர்.

1840ஆம் ஆண்டில் லீபிக் என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர், பயிர் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்வது தாதுப்பொருள்களையே என்றும், பயிரை எரித்துச் சாம்பலைச் சோதித்தால் அதன் தேவை வெளிப்படும் என்றும் முழங்கினார். தழைச்சத்தைப் பற்றி அவர் கொண்ட கருத்துப் பின்னர்ப் பிழையென்று தெரிந்தது. ஆனால் சாம்பலைப் பார்த்துப் பயிரை அறியும் நெறி நிலைத்தது. 1843இல் தொடங்கப்பெற்ற ரோதாம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணை அந்நெறியிலே நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்தது. அங்கே 1923ஆம் ஆண்டில் காதரின் வாரிங்டன் என்னும் பெண்மணி, போரான் என்ற தனிமம் மிகமிகச் சிறிதளவேனும் இல்லாவிடில் அவரைச் செடி தழைக்காது என்று நிறுவினார். துத்தநாகம், மாலிப்டினம் முதலியவையும் அவ்வாறே சிறிதளவில் இன்றியமையாதவை என்று அடுத்தடுத்து வெளிப்பட்டன. இக்கண்டுபிடிப்புகளே நிலக்கரிச் சாம்பலுக்கு வேளாண்மையில் புதியதோர் அழைப்பை உண்டாக்கின; ஏனெனில், அந்நுண்ணூட்டங்கள் பலவும் சாம்பலில் இருந்தன. சிறிதளவில் மருந்தாவது மிகுந்தால் நஞ்சாகும் என்பதும் அந்நாளிலேயே தெரிந்திருந்தது. போரானுக்கு அது முற்றிலும் பொருந்தும். போதாமைக்கும் மிகைக்கும் இடையிலுள்ள வரப்பு அதற்கு மிகக் குறுகியது.

இதற்கிடையே சாம்பலே வேறு பொருளாக மாறிவிட்டது. கணப்பிலும் நீராவி எந்திரத்திலும் கட்டிகளாக எரிந்த நிலக்கரி, கட்டியும் கசடுமாகவே சாம்பலைத் தந்தது. 1918இல் அமெரிக்க நாட்டு மில்வாக்கி நகரின் மின் நிலையமொன்றில், கரியை மாவாக அரைத்துக் காற்றோடு ஊதி எரிக்கும் முறை சோதிக்கப்பட்டு வெற்றி கண்டது. அம்முறை உலகெங்கும் பரவிற்று. உலையின் கடும் வெப்பத்தில் கரியிலுள்ள மண் துளித்துளியாக உருகி, புகையோடு பறந்து, குளிர்ந்து, கண்ணுக்குப் புலப்படாத கண்ணாடி மணிகளாகிறது. உலையில் ஆவியாகிப் போன ஆர்செனிக், செலினியம், போரான் முதலியவை குளிரும்போது அம்மணிகளின் மேற்பரப்பிலே வந்து ஒட்டிக்கொள்கின்றன. மேற்பரப்பில் ஒட்டியது நீரில் எளிதில் கரையும். பழைய கணப்புச் சாம்பலைக் கொண்டு பெற்ற அனுபவம் இப்புதிய சாம்பலுக்கு முழுதும் செல்லாமற் போனதற்கு இதுவே காரணம்.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் பிரிட்டனில் இந்தச் சாம்பல் மலைமலையாகக் குவிந்தது. அதன்மீது பயிர் வளருமா என்று 1950களில் முறையாக ஆராயத் தொடங்கினர். 1956இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, சாம்பலில் வளர்ந்த செடிகளின் இலையில் அலுமினியமும் மாங்கனீசும் மிகுந்திருந்ததைக் காட்டியது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹாட்ஜ்சன், டவுன்சென்ட் முதலியோர் பல்லாண்டுகள் நடத்திய சோதனைகளில், முதற்பகைவன் போரானே என்று தெளிவாயிற்று. பீட் கிழங்கு வகையும் முட்டைக்கோசு இனமும் தாங்கி வளர்ந்தன. பார்லியும் பட்டாணி, அவரை இனங்களும் இலை ஓரம் கருகி வாடின. மழையில் சில ஆண்டுகள் நனைந்த பழஞ்சாம்பலில் தீமை குறைந்திருந்ததும் தெரிந்தது. இவ்வறிவைக் கொண்டே, 1960களின் இடையிலிருந்து பீட்டர்பரோ நகரையடுத்த பழைய செங்கல் மண் குழிகளை இரயிலில் கொணர்ந்த சாம்பலால் நிரப்பி, மேலே நல்ல மண்ணைப் பரப்பி, மீண்டும் விளைநிலமாக்கினர். இங்கே நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. அவர்கள் விளையும் வயலில் சாம்பலைக் கொட்டவில்லை. கெட்டுப்போன நிலத்தைச் சாம்பலால் நிரப்பி, பயிருக்கு மண்ணையே கொடுத்தனர்.

அமெரிக்கர்கள் 1970களில் இதே கேள்வியை வேறொரு கோணத்தில் ஆராய்ந்தனர். போரான் குறைந்த நிலத்தில் குதிரைமசால் பயிருக்குச் சாம்பல் நல்ல மருந்தாயிற்று என்று வர்ஜீனியா நாட்டுச் சோதனைகள் காட்டின. அதே சோதனைகளின் வழியே, சாம்பலிட்ட நிலத்துப் பயிர் மாலிப்டினத்தை அதிகமாக ஏற்பதும் தெரிந்தது. மாலிப்டினம் மிகுந்த தீவனத்தைத் தின்னும் கால்நடைக்குச் செம்புச்சத்துக் குறைந்து நோய் வரும். 1976இல் கார்னெல் பல்கலைக்கழகத்தார், சாம்பல் மேட்டில் தானாக முளைத்த ஒருவகைத் தீவனப் பயிரில் செலினியம் மிக அதிகமாகச் சேர்ந்திருந்ததை வெளியிட்டனர். பார்வைக்குப் பச்சைப்பசேலென்று தழைத்து நின்ற பயிர் அது. விளைச்சலை மட்டும் எடையிட்டுப் பார்ப்பது போதாது, விளைந்ததை உண்பார் யாரென்றும் பார்க்க வேண்டும் என்ற நெறி இதன்பின்னரே வலுப்பெற்றது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். கல்கத்தாவில் 1899இல் அனல் மின்சாரம் பிறந்தது. ஆயினும் நெடுங்காலம் நிலக்கரிச் சாம்பல் என்றால் இரயில்வே எந்திரத்தின் கசடும், வடநாட்டு வீடுகளில் எரிந்த அங்கீட்டியின் மிச்சமுமே. தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் பணிநிமித்தம் வந்த முதல் தலைமுறைத் தமிழர் குடும்பங்கள், விறகடுப்பை விட்டு நிலக்கரி அடுப்பில் சோறாக்கப் பழகியதை மூத்தோர் கூறக் கேட்டிருக்கிறோம். 1953இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்தின் போகாரோ அனல் நிலையத்தைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் பெரிய அனல் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. நம் நெய்வேலியில் 1962இல் பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம் வந்தது. நெய்வேலிக் கரியில் சாம்பல் குறைவு. ஆனால் அச்சாம்பலில் சுண்ணாம்பும் கந்தகமும் மிகுதி. சாம்பலுக்குச் சாம்பல் குணம் மாறும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

1962இல் முடிவுற்ற ரிகந்து அணையின் கான்கிரீட்டில், சிமெண்டின் ஒரு பங்கிற்குப் பதிலாக அனல் நிலையச் சாம்பல் சேர்க்கப்பட்டது. பொற்சுவோலிச் சாம்பலின் பழைய குணமே இங்கும் பயன்பட்டது. அந்த அணையின் நீர்த்தேக்கத்தால் நிலமிழந்த மக்கள் கரையோரங்களில் குடியேறினர். பின்னர் அவ்வட்டாரத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் வந்தன. 1982 முதல் சிங்கரௌலியின் பேரனல் நிலையம் இயங்கலாயிற்று. அதைச் சூழ மேலும் பல எழுந்தன. அணைக்கு ஒருமுறையும், சுரங்கத்திற்கு ஒருமுறையும், சாம்பல் ஏரிக்கு ஒருமுறையுமாக ஒரே குடும்பம் மீண்டும் மீண்டும் பெயர்ந்த கதை அங்கே புதிதன்று. சாம்பலை நீரிற் குழைத்துக் குழாய் வழியே கொண்டுபோய்த் தேக்கி வைக்கும் பரப்பைச் சாம்பல் ஏரி என்கிறோம். ஏரி என்னும் நல்ல சொல்லை இதற்குத் தந்தது நமக்கு மனவருத்தமே.

இவ்வளவு சாம்பலை என்ன செய்வது? 1996-97ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாடெங்கும் 6 கோடியே 88 இலட்சம் டன் சாம்பல் விளைந்தது; அதில் பயன்பட்டது நூற்றுக்குப் பத்துப் பங்கிற்கும் குறைவு. இந்நிலையைக் கண்டே மைய அரசு 1994இல் விஞ்ஞான தொழில்நுட்பத் துறையின் வாயிலாகச் சாம்பல் இயக்கம் ஒன்றைத் தோற்றுவித்திருந்தது. தன்பாத் அருகேயுள்ள மத்திய எரிபொருள் ஆராய்ச்சி நிலையமும், வேளாண்மைப் பல்கலைக்கழகங்களும், கரக்பூர் தொழில்நுட்பக் கழகமும் உழவர் வயல்களிலும் பண்ணைகளிலும் சோதனை நடத்தின. அவற்றின் முடிவுகள் பெரிதும் ஊக்கமளிப்பவையே. நம் நாட்டுக் கரியில் கந்தகம் குறைவாதலால் சாம்பல் பெரும்பாலும் சிறிது காரத்தன்மை உடையது. எனவே, கிழக்கு மாநிலங்களின் புளித்த செம்புறை மண்ணில் அது சுண்ணாம்பைப் போல் ஓரளவு வேலை செய்தது. மணற்பாங்கான நிலத்தில் நுண்துகள் புகுந்து நீரைப் பிடித்து நிறுத்தியது. கரிசல் போன்ற இறுகிய நிலத்தில் காற்றோட்டம் தந்தது. கரக்பூரில் நெல்லும் நிலக்கடலையும் மாற்றிப் பயிரிட்ட சோதனைகளில், சாம்பலைத் தனியே இட்டதைவிடத் தொழுஉரம் முதலிய மட்கும் பொருள்களோடும் குறைந்த அளவு இரசாயன உரத்தோடும் சேர்த்து இட்டபோதே நல்ல பலன் கிடைத்தது. தழைச்சத்து இல்லாத பொருளுக்குத் துணை வேண்டும் அல்லவா?

அளவைப் பற்றி ஒரு சிறு கணக்கு. ஒரு ஹெக்டேர் நிலத்தில் உழும் ஆழத்திற்கு, அதாவது 15 சென்டிமீட்டருக்கு, ஏறத்தாழ 2,100 டன் மண் இருக்கிறது. அதில் 20 டன் சாம்பல் இட்டால் நூற்றுக்கு ஒரு பங்கே கலக்கிறது. மண்ணின் தன்மை கண்ணுக்குத் தெரிய மாறவேண்டுமானால் அதைப்போல் பன்மடங்கு வேண்டும். இருபது டன்னே இரண்டு மூன்று லாரிச் சுமை. சாம்பல் இலவசம் என்றாலும் லாரி இலவசமன்று. அனல் நிலையத்திலிருந்து சிறிது தொலைவு சென்றதுமே வண்டிச்சத்தம் பலனைத் தின்றுவிடும். எனவேதான் இத்தனை சோதனைகளுக்குப் பின்னரும், பயனாகும் சாம்பலில் வேளாண்மைக்குச் செல்வது மிகச்சிறு பங்காகவே நின்றுவிட்டது. பெரும்பங்கு சிமெண்டிற்கும், சாலைக்கும், செங்கல்லுக்கும், பள்ளமும் பழஞ்சுரங்கமும் நிரப்புவதற்குமே செல்கிறது.

இதனைக் குறையென்று சிலர் வருந்துவதுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. 1999 செப்டம்பரில் மைய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கையை எடுத்துப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். அதன் முகவுரை கூறும் நோக்கங்களுள் ஒன்று, வளமான மேல்மண்ணைக் காப்பது. அனல் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டர் வட்டத்திற்குள் செங்கல் அறுப்போர் மண்ணோடு குறைந்தது நான்கில் ஒரு பங்கு சாம்பல் கலக்க வேண்டும் என்றும், கட்டுமானப் பொருள் செய்வோர்க்கு அனல் நிலையங்கள் பத்தாண்டுக் காலம் விலையின்றிச் சாம்பல் தர வேண்டும் என்றும் அது விதித்தது. கங்கைச் சமவெளியில் பயணம் செய்யும் நம்மவர் இரயில் சன்னலிலிருந்து கண்டிருப்பர்: சூளைப் புகைபோக்கி ஒன்று, அதைச் சுற்றி முழங்கால் ஆழம் மண் வாரப்பட்டுத் தாழ்ந்து கிடக்கும் வயல்கள். அவ்வயலின் விலைமதிப்பற்ற மேல்மண்ணே சுவராகிப் போயிற்று. ஒரு வண்டிச் சாம்பல் செங்கல்லுக்குள் புகுமாயின், ஒரு வண்டி வயல்மண் வயலிலேயே தங்கும். வயலுக்கு வெளியே இருந்துகொண்டு வயலைக் காப்பதே நிலக்கரிச் சாம்பல் உழவுக்குச் செய்யத்தக்க பெருந்தொண்டு என்பது நம் கருத்து. இலண்டன் நகரத்துச் சல்லடைக் களத்தாரும், காரணம் அறியாமலே, நுண்பொடியைச் செங்கல்லுக்குத்தான் அனுப்பினர்.

வயலிலே இடுவதற்குத் தடையாக நிற்பது லாரிச் செலவு மட்டுமன்று. மழைநீர் சாம்பலின் போரானைக் கரைத்துக் கீழே கொண்டு செல்வதால் இரண்டு மூன்று ஆண்டுகளில் பயிருக்குத் தீமை குறைகிறது என்று முன்பு கூறினோம். கரைந்தது எங்கே போயிற்று? கிணற்றை நோக்கித்தான். ஆர்செனிக்கும் ஈயமும் குரோமியமும் எல்லாச் சாம்பலிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. சுரங்கத்திற்குச் சுரங்கம் மாறும். ஒருமுறை வயலிற் கலந்ததைத் திரும்ப அள்ளவும் இயலாது. சோதனைப் பண்ணையில் ஆய்வாளர் அளந்து இட்ட சாம்பலுக்கும், அப்புறப்படுத்தினால் போதும் என்ற அவசரத்தில் ஊர்ப் புறம்போக்கில் இரவோடிரவாகக் கொட்டிய சாம்பலுக்கும் வேற்றுமை பெரிது. பயன்படுத்தியதாகக் கணக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் வந்தபின், 'பயன்' என்னும் சொல்லையும் நாம் கவனித்தே படிக்க வேண்டியிருக்கிறது. ஏரியிலேயே வைத்திருப்பதும் அபாயமற்றதன்று. 2008 டிசம்பரில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கிங்ஸ்டன் அனல் நிலையத்துச் சாம்பற்கரை உடைந்து ஏறத்தாழ 300 ஏக்கர் பரப்பை மூடியது. 2020 ஏப்ரலில் சிங்கரௌலி வட்டாரத்தில் ஒரு சாம்பல் ஏரியின் கரை உடைந்து, சேற்றுவெள்ளம் வயல்களின்மீது பாய்ந்தது; உயிர்களும் பலியாயின. பயிருக்கு இடும் அளவு எவ்வளவு என்று ஆராய்ச்சியாளர் டன் கணக்கில் ஆய்ந்துகொண்டிருந்த பொருள், அங்கே ஒரே நாளில் ஆள் உயரத்திற்கு வயலை நிரப்பிவிட்டது.

2021 டிசம்பர் 31ஆம் நாளிட்ட புதிய அறிவிக்கை, சாம்பலுக்குரிய தக்க பயன்களை வரிசைப்படுத்தும்போது வேளாண்மையையும் சேர்த்திருக்கிறது. ஆனால் வெறுமனே சேர்க்கவில்லை. மண்ணைச் சோதித்து அதன் அடிப்படையில், கட்டுப்பாடான முறையில் என்று இரண்டு தளைகளை இட்டே சேர்த்திருக்கிறது. அரசாங்க ஆவணங்களை நாள்தோறும் மொழிபெயர்ப்போர்க்கு, ஓர் அடைமொழி எத்தனை ஆண்டு அனுபவத்தின் பிழிவு என்பது தெரியும். அவ்விரு தொடர்களையும் தெலுங்கிலோ சத்தீஸ்கடியிலோ ஒடியாவிலோ பக்கத்து வயற்காரருக்கு எடுத்துச் சொல்லும் வாய்ப்பு, அங்கே வாழும் நம்மவர்க்கு இருக்கிறது. சாம்பல் வண்டி வருமுன் தம் மண் புளிப்பா உவர்ப்பா என்று அவர் அறிந்திருக்கட்டும். ஏற்கெனவே காரம் மிகுந்த நிலமாயின் வண்டியைத் திருப்பி அனுப்புவதே நலம். எந்த நிலையத்துச் சாம்பல், அதன் சோதனைச் சான்று எங்கே என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. கிணறு வயலருகே மேலாக நீரூறுவதாயின் இன்னும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். இட முடிவு செய்தால், ஒரு மூலையில் சில சென்ட் நிலத்தில் தொழுஉரத்தோடு கலந்து இட்டு, ஓராண்டு பார்த்தபின் மேலே செல்லட்டும்.

தலைநகரில் வாழும் அன்பர்கள் மதுரா சாலையில் செல்லும்போது பதர்ப்பூர் அனல் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கிகளைக் கண்டிருப்பர். 1973 முதல் மின்சாரம் தந்துவந்த அந்நிலையம் 2018 அக்டோபரில் மூடப்பட்டது. அதன் சாம்பல் ஏரியின் ஒரு பகுதியில், நிலையம் இயங்கிய நாளிலேயே, தில்லி ஆராய்ச்சியாளர்கள் வேரோடு கூடி வாழும் ஒருவகைப் பூஞ்சணத்தின் துணையால் செடிகளை வளர்த்துக் காட்டினர். மண்ணென்று எதுவும் இல்லாத வெறுஞ்சாம்பலில், அப்பூஞ்சணம் வேருக்கு நீரையும் பாஸ்வரத்தையும் தேடித் தந்தது. காற்றில் பறந்த தூசி அடங்கிற்று. அவர்கள் அங்கே வளர்த்தவை மரங்களும், சாமந்தி, சம்பங்கி போன்ற மலர்ச்செடிகளும். நெல்லோ கோதுமையோ காய்கறியோ நடவில்லை.